ஜப்பானிலிருந்து வந்த ஆறு கேசட்டுகள்

ஜப்பானில் ஏலங்கள் பெரும்பாலும் இரவு பத்து மணியை ஒட்டி முடியும். நமக்கு அப்போது மாலை ஆறரை. நான் பேக்கிங் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டி முடிக்கிற நேரம் அது.

அங்கே பழைய டிவி கேம் விற்பவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இதற்கென்றே இடையில் ஒரு நிறுவனம் உண்டு. நமக்காக ஏலம் கேட்டு, பொருளைத் தன் கிடங்கில் வாங்கி வைத்து, நமக்கு அனுப்பிவிடும். திருப்பூர்க்காரனுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்காக இங்கே ஏஜென்ட்டுகள் செய்வதும் அதைத்தான்.

சிறுவயதில் ஆடிய பைக் ரேஸ் கேசட் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த என் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன நாட்களில், தெருமுனைக் கடையில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடியது. ஆறு கேசட்டுகள் ஒரே கட்டாக ஏலத்துக்கு வந்தபோது அதுவும் அதில் இருந்தது. வேலை செய்யுமா தெரியாது, திருப்பித் தர முடியாது என்று விற்பவர் எழுதியிருந்தார். கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். அன்று நான்கு முறை நீண்டது. கடைசியில் எனக்கே விழுந்தது.

பெட்டி வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். கேசட்டுகளைத் தரையில் பரப்பியதும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். இங்கே திருப்பூர் நல்லூரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ஏனுங்க, அத்தன தூரத்துல இருந்து வந்தது இதுதானுங்களா?"

பைக் ரேஸ் கேசட் வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்த பழைய டிவி கேமில் மூன்று முறை துடைத்துப் போட்டும் திரை சாம்பல் நிறமாகவே நின்றது. நான் கேட்டே இராத வேறொரு கேசட்தான் ஓடியது. தீவு தீவாகப் படகில் போகும் விளையாட்டு. விட்ட இடத்திலிருந்து தொடர அதில் மூன்று இடங்கள் இருந்தன. மூன்றிலும் யாரோ ஆடிய ஆட்டம் இருந்தது. புதிதாக ஆட வேண்டுமானால் ஒன்றை அழிக்க வேண்டும்.

"அழிச்சுப் போட்டு ஆடுங்க. யாரோ எவரோ" என்றாள்.

"இல்ல, ஏதோ பிள்ள கஷ்டப்பட்டு ஆடினது" என்றேன். கேசட்டின் பின்பக்கம் பேனாவில் கோணல்மாணலாக இரண்டு வரி எழுதியிருந்தது. போன் கேமராவைக் காட்டினால் அது ஒரு முறை 'வெங்காயம்' என்றும் மறுமுறை 'மேற்கு வாசல்' என்றும் மொழிபெயர்த்தது.

எங்கள் கம்பெனியின் குழந்தை உடுப்புகளைச் சோதிக்க ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு ஜப்பானியர் வருவார். துணிக்குள் முறிந்த ஊசி முனை இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியையும் மெஷினில் ஓட்டிப் பார்ப்பவர். நான்கு ஆண்டுகளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது, சாப்பாட்டு இடைவேளையில், தயங்கித் தயங்கி கேசட்டை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் சத்தமாகச் சிரித்தார். செக்கிங் மேசையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல் வரி ஒரு பெண்ணின் பெயர். ஆறாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு" என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். "கீழே, 'அண்ணன் தொடக் கூடாது.'"

திரையைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதையும் காட்டினேன். முதல் இரண்டு இடங்களிலும் அந்தப் பெண்ணின் பெயரே இருந்தது. மூன்றாவதில் 'அண்ணன்' என்று இருந்தது.

"தொட்டுவிட்டான்" என்றேன்.

"இல்லை, இவளே இடம் கொடுத்திருப்பாள்" என்றார் அவர். "எனக்கும் தங்கை உண்டு. கேட்காமல் தொட்டால் அழித்துவிடுவாள்."

வீட்டில் சொன்னதும் மனைவி மூன்றாவது ஆட்டத்தைத் திறந்து பார்த்து உடனே முடிவு செய்தாள். "அப்ப அண்ணனோடத அழிங்க. அவன் முதல் தீவையே தாண்டலீங்களே." அழித்தோம். அவளே ஆட உட்கார்ந்தாள். அடுத்த சில வாரங்களில் நான் ஆடியதைவிட அவள் ஆடியதே அதிகம். அந்தப் பெண் போன தீவுகளைத் திறந்து பார்த்து, தானும் அதே வழியில் படகை விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டபோது மூன்று இடங்களும் காலியாக இருந்தன. கேசட்டுக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் புதிது வைத்தோம். போனது போனதுதான். மனைவி அன்று டிவி பக்கமே போகவில்லை. மறுநாள் முதல் தீவிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஆறு மாதம் கழித்து அந்த ஜப்பானியர் வந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, "அந்தப் பெண்ணின் விளையாட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் நடந்ததைச் சொன்னேன்.

"நல்ல பேட்டரி. இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது" என்றார். பிறகு முதல் பெட்டியைத் திறந்தார். நான்காவது உடுப்பிலேயே எண்ணெய்க் கறையைக் கண்டுபிடித்து, பெட்டியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்.