வற்றிய கண்மாயில் மூன்று அயர்ன்கள்

அந்தக் கோடை விடுமுறைக்கு மலேசியாவிலிருந்து என் கணவர் வந்தபோது, வழக்கமான பெட்டியோடு நீளமான பை ஒன்றும் வந்தது. திறந்து பார்த்தால் மூன்று கோல்ஃப் மட்டைகள். மூன்றின் அடியிலும் ஏழு என்று பொறித்திருந்தது.

"மூணும் ஏழுதானே, எதுக்கு மூணு?" என்று கேட்டேன்.

"மூணும் வேற வேற கம்பெனி. இதுக்குப் பேரு அயர்ன். தெரிஞ்ச கடைக்காரர் அடிச்சுப் பாக்கக் குடுத்திருக்கார். எது ஒத்து வருதோ அந்த செட்ட வாங்கணும்."

கோலாலம்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அவர் பொறியாளர். வாடிக்கையாளர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் கோல்ஃப் மைதானத்தில்தான் நடக்குமாம். அதற்காகவே கற்றுக்கொண்டவர். நான் அந்த விளையாட்டை டிவியில் சேனல் மாற்றும்போது பார்த்ததோடு சரி. அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி போகும் வழியில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மகள் திருச்சியில் விடுதியில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் அந்த இருபது நாளும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மற்ற விடுமுறைகளில் அவர் பகலெல்லாம் தூங்குவார். சாயங்காலம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அது பழகியிருந்தது. அந்த முறை, வந்த இரண்டாம் நாள் விடிந்ததும், "கண்மாய்க்குப் போவமா? ஒரு கை ஒதவி வேணும்" என்றார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் கண்மாய். மே மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. நடுவில் நல்ல வெட்டவெளி, ஓரமெல்லாம் கருவேலம். மூன்று மட்டைகளையும் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் குழிந்து ஓரங்களில் கனம் ஏற்றியிருந்தது. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் மட்டை திரும்பிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. அடிப்பாகம் அகலமாக இருந்தால் மண்ணைக் கொத்தாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

"ஹேண்டிகேப்னு ஒரு கணக்கு இருக்கு. ஆடத் தெரியாதவனுக்குத் தர்ற சலுகை மாதிரி. நல்லா ஆடுறவனுக்குக் கம்மி, தெரியாதவனுக்குக் கூட. எனக்குப் பதினேழு. நடுத்தரம். என்னைய மாதிரி ஆளுங்களுக்கும் எனக்குக் கீழ இருக்கிறவங்களுக்கும்தான் இதெல்லாம் செய்றாங்க."

முதல் மட்டை கொஞ்சம் மெலிசு. இரண்டாவது பருமன். மூன்றாவதுக்கு அடிப்பாகம் எல்லாவற்றிலும் அகலம், தண்டு இரும்பில்லாமல் கருப்பாக, எடுத்தால் கையில் கனமே தெரியாது. குண்டு எறிதலுக்கு அளக்கும் டேப்பைப் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மட்டையின் முகத்தில் பவுடரைப் பூசினால் பந்து பட்ட இடம் தடமாக விழும். அவர் அடிப்பார். நான் பந்து விழுந்த இடம் வரை நடந்து அளந்து, தூரத்தையும் தடம் விழுந்த இடத்தையும் நோட்டில் எழுதுவேன்.

கரையில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டாள். "ஏந்தா, பந்து எங்கிட்டுப் போயிச் சேரணும்? குழி ஏதும் வெட்டியிருக்கீங்களா?"

"குழி இல்லக்கா. சும்மா அடிச்சுப் பாக்குறாங்க."

"குழியே இல்லாம எதுக்குத்தா இந்த வெயில்ல?"

அவர் சிரித்ததில் அடுத்த பந்து கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நாலாம் நாள், "நீயும் அடிச்சுப் பாரு" என்றார்.

"எனக்கு எதுக்குங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தங்க புதுசா ஆடப் பழகுறாங்க. ஹேண்டிகேப் முப்பதுக்கு மேல. அவங்களும் ஒரு செட் வாங்கணுங்கிறாங்க. ஒன் ஒயரந்தான் இருப்பாங்க. நீ அடிச்சா அவங்களுக்கு எது சரியா வரும்னு தெரிஞ்சிரும்."

நம் பேச்சில் ஒருவரை மரியாதையாகச் சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஓய்வு பெறும் வயதில், வழுக்கை விழுந்த, குள்ளமான ஒரு மேலாளரை நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்று என் மணிக்கட்டுகளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். முதல் நாலு வீச்சில் மட்டை பந்தைத் தொடவே இல்லை. ஐந்தாவதில் பந்து எழும்பியது. என்னால் நம்பவே முடியவில்லை. "இன்னொரு பந்து வைங்க" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் நானும் அடித்தேன். ஒருநாள், "நேரா நில்லு. கையத் தொங்கப் போடு" என்று சொல்லி, என் முன்னால் மண்டியிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப்பை வைத்து அளந்தார். தண்டின் நீளத்தை அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்களாம். குனிந்திருந்த அவர் உச்சந்தலையில் முடி குறைந்திருந்தது. காதோரம் புழுதி. அதைத் துடைத்துவிட்டேன். அவர் நிமிரவில்லை.

மதியங்களில் நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். அவர் சராசரியை மட்டும் பார்த்தார். இரண்டாவது மட்டையில்தான் எங்கள் இருவருக்குமே பந்து அதிக தூரம் போயிருந்தது. "சராசரிய விடுங்க. திட்ட விலக்கத்தப் பாருங்க" என்று பத்தாம் வகுப்புப் பாடத்தை அவருக்கு நடத்தினேன். இரண்டாவதில் என் நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. மூன்றாவதில் தூரம் குறைவு, ஆனால் பந்துகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருந்தன. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் நல்லது. என் கணவருக்கு முதல் மட்டையே போதும். "நீ எங்க கூட வந்து வேல பாக்கலாம்" என்றார். பள்ளியில் யார் பாராட்டியும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், காய்ந்த மோர்மிளகாயை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு அந்தக் கருப்புத் தண்டு போட்டதுதாம்மா செட் ஆகும். அரை இஞ்சு கூட கொறைக்க வேணாம். இல்லம்மா, சும்மா சொல்லல. இங்க ஒன் ஒயரத்துல ஆள வச்சே அடிச்சுப் பாத்துட்டேன்."

பேசிய விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் என் காதில் நின்றது 'ஆள்' என்ற அந்த ஒரு சொல்தான். முறத்தில் மிளகாயை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு கீழே வந்தேன். அடுப்பில் பால் வைத்தேன். அது பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

அவர் இறங்கி வந்து அடுப்பை அணைத்தார்.

"ஆபீஸ்ல ஒருத்தங்கன்னீங்களே, பொம்பளையா?"

"ஆமா" என்றார்.

"கூட விளையாடுறவங்களா, கூட இருக்கிறவங்களா?"

"கூட இருக்கிறவங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமாச்சு. இந்தத் தடவ சொல்லிரணும்னுதான் வந்தேன். முடியல."

"அடிச்சுப் பாத்தது நான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன யாருன்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க?"

அடுப்பு மேடையில் வழிந்த பாலைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார்.

"ஒயரம் வேணும்னா கேட்டிருக்கலாமே. சுவத்தோட நின்னு அளந்து குடுத்திருப்பேன். என்னைய எதுக்கு ஆட வச்சீங்க?"

"நீ சந்தோஷமா இருந்த. நானும் இருந்தேன். அது பொய் இல்ல."

பொய் என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பேன்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அதற்கு மூன்றாம் நாள் கிளம்பினார். மட்டைகளைத் துணி சுற்றிப் பையில் வைத்தார். நோட்டு மேஜைமேலேயே கிடந்தது. அவர் கேட்கவில்லை. வாசலில் கார் வந்து நின்றபோது, கடைசியாகக் கணக்குப் போட்ட தாளைக் கிழித்து நான்தான் கொடுத்தேன்.

"அவங்களுக்கு மூணாவதுதான். ரெண்டாவது தூரம் போகும். நம்ப முடியாது."

ஏன் கொடுத்தேன் என்று என் தங்கை இன்றைக்கும் திட்டுகிறாள். எனக்குப் பதில் தெரியாது. தொடங்கிய கணக்கை முடிக்காமல் விட எனக்கு வராது, அவ்வளவுதான். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர்தான் அழுதார். எனக்கு அழுகை வந்தது பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, வருகைப் பதிவேட்டில் பெயர் வாசித்துக்கொண்டிருக்கும்போது.

மகளிடம் தேர்வு முடிந்த பிறகே சொன்னேன். பல மாதம் அவள் அப்பாவின் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். நான் தடுக்கவில்லை. எடுத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேறு எதையாவது பேசுவேன்.

அடுத்த வருஷம் சம்மதத்தோடு பிரிவதாக மனு எழுதப் புதுக்கோட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். என் கணவர் அதற்காகவே மலேசியாவிலிருந்து வந்திருந்தார். இளைத்திருந்தார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

அந்த வழக்கறிஞர் அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்தீங்க?"

"மூணு வருஷத்துக்கு மேல இருக்கும் மேடம்" என்றார் அவர்.

அதே நேரத்தில் என் வாயிலிருந்து, "போன மே மாசம்" என்று வந்தது. "பன்னெண்டு நாள்."

அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத எழுதட்டும்?"

அவர் தலை குனிந்திருந்தது.

"இவங்க சொன்னதையே எழுதிக்கங்க மேடம்" என்றேன்.