கடைசியாக நடந்து வந்தவர்

கிங்ஸ்பரிப் பூங்காவில் எங்கள் சங்கம் நடத்திய ஓட்டத்தில், யாரும் வழியில் விடுபட்டுப் போகாதபடி எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக நடந்து வருவது ஒரு தொண்டரின் வேலை. அவர் வந்து சேர்ந்த பிறகே முடிவுக்கோட்டு நாடாவை நான் சுற்றலாம். மெலிந்த மனிதர்; மஞ்சள் ஜாக்கெட் அவர்மேல் தொளதொளத்தது.

தொடங்குமுன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாதையோரத்துப் பழைய கல்லறைகளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன அண்ணை, கும்பிடுறியளோ?”

“அவுஸ்திரேலியாவில இருக்கேக்க பழகினது. அங்க ஓட முதல் அந்த மண்ணின்ர பூர்வகுடிச் சனத்தை நினைச்சுத்தான் தொடங்குவினம். இஞ்சையும் கேக்க வேணுமெல்லே?”

“இஞ்ச ஆரிட்டைக் கேட்டனீங்கள்?”

“முதல் இருந்தவையிட்டைத்தான். ஓடுங்கோ, நாங்களும் வாறம் எண்டவை.”

நான் சிரித்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

எல்லோரும் ஓடி முடித்தபின், பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவர் வெறுங்காலுடன் வந்தார். நான் நாடாவில் கை வைத்தேன்.

“பொறுங்கோ தம்பி. இண்டைக்கு நான் கடைசி இல்லை.”

அவருக்குப் பின்னால் பாதையில் ஒருவரும் இல்லை. காற்றும் இல்லை. ஆனாலும் ஓரத்துப் புல் அடியடியாக எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

அவர் ஒதுங்கி நின்று கை தட்டத் தொடங்கினார். சற்று நேரத்தில் நானும் தட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.