நிமிர்த்திய பென்னி

ஒரு வெள்ளிக் காசை நான் உடைத்தேன். அதைவிட மோசமானது, அது முன்னமே வெடித்திருந்தது என்று பொய் சொன்னது.

காசு என் நண்பனின் மனைவியுடையது. நண்பன் யாழ்ப்பாணத்தான், சில காலம் பாரிஸில் இருந்துவிட்டு லண்டன் வந்து, இங்கே ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் குழாய் வேலை செய்கிறவன். மனைவி அயர்லாந்துக்காரி, மாமியாரோடு இருந்து தமிழ் பழகியவள். அவளுடைய தகப்பன் விட்டுப்போன காசு அது. நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன், பழங்காசு சேர்க்கிறவன். அந்த நம்பிக்கையில் நண்பன் என்னிடம் கொண்டுவந்தான்.

பார்த்ததும் தெரிந்தது. இங்கிலாந்து அரசர்கள் அயர்லாந்தை ஆண்டபோது டப்ளினில் அடித்த பென்னி. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அரசனின் முகத்தைச் சுற்றி முக்கோணம் இருந்தால் அது அயர்லாந்துக் காசு. வயது எண்ணூறு இருக்கும். ஆனால் நடுவில் வளைந்திருந்தது.

நாணயச் சங்கக் கூட்டத்தில் காட்டிப் பெருமைப்பட எனக்கு ஆசை. வளைந்த காசை யார் மெச்சுவார்கள்? இரண்டு மரத்துண்டுகளுக்கிடையில் வைத்து இறுக்கினேன். பழைய வெள்ளி நொறுங்கும் என்று படித்திருந்தும் இறுக்கினேன். அரசனின் முகம் இரண்டாகியது.

"தம்பி, இது முதலே வெடிச்சிருக்கு, தொட்டதும் ரெண்டாப் போச்சு. உம்மடை சாமான் பைக்குள்ளை கிடந்து அடிபட்டிருக்கும்" என்றேன்.

அவன் நம்பினான். அவளும் நம்பினாள், அதனால் அவனைக் குற்றம் சொன்னாள். அப்பாவின் காசைக் குறடுகளோடு போட்டுக் கொண்டுபோனான் என்ற கோபம் மாதக்கணக்கில் தணியவில்லை.

"அண்ணை, நான் துணியிலை சுத்தித்தானே கொண்டு வந்தனான்" என்று அவன் என்னிடமே வந்து புலம்புவான்.

"ஓம் தம்பி, ஓம்" என்பேன்.

பிறகு ஒரு நாள் அருங்காட்சியகத்தில் அதேபோல வளைந்த காசு ஒன்றைக் கண்டேன். வீட்டில் யாருக்காவது கடும் வருத்தம் வந்தால், ஒரு புனிதரை நினைத்துச் சுகம் வேண்டி அக்காலத்தவர்கள் காசை வளைத்து வைப்பார்களாம். எங்கள் மகளுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது என் மனைவி ஒரு பவுண்ட் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தடியில் வைத்தாள். அதை நான் அவிழ்த்திருந்தால் அவள் மன்னித்திருக்கமாட்டாள். யாரோ ஒருவருடைய நேர்த்திக்கடனைத்தான் நான் நிமிர்த்தியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், கதிரையில் இருக்க முதலே சொன்னேன். "உடைச்சது நான். இவரிலை பழியைப் போட்டதும் நான்." காசு ஏன் வளைந்திருந்தது என்பதையும் சொன்னேன். என் சேகரிப்பிலிருந்த அதே வகைப் பென்னியை மேசையில் வைத்தேன்.

அவள் அதை என் பக்கம் தள்ளினாள். "இது அப்பான்ரை இல்லை, அண்ணை." பிறகு புருஷனைப் பார்த்தாள். "அப்ப நீங்கள் சொன்னது உண்மையோ?"

"செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு நாளும் நான் கழுவின கோப்பையளை எண்ணிப் பாரும்" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெளியேறியதும் கதவைச் சாத்தினான்.

கோடை முழுவதும் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. குளிர் தொடங்கிய பிறகு, ஒரு மாலை வாசல் மணி அடித்தது. இருவரும் நின்றார்கள். அப்பாவின் மற்றக் காசுகளும் என்னவென்று அவளுக்கு அறிய வேண்டுமாம். முதலில் எடுத்தது பாதியாக வெட்டிய பென்னி. அந்த நாளில் சில்லறைக்காக அப்படி வெட்டுவார்கள் என்றேன்.

"அண்ணை," என்றான் நண்பன், "மற்றப் பாதியைத் தேடிப் பிடிச்சு ஒட்டிப் போடாதேங்கோ."

அன்று ஒரு காசையும் நான் தொடவில்லை. அவன் ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்தான். நான் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.