தாய்மாமன் சுமந்த கனம்

எங்கள் வழக்கத்தில் மணப்பெண் மணவறைக்கு நடந்து வரக் கூடாது. தாய்மாமன் தூக்கி வர வேண்டும். என் தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ராஜபாளையத்தில் அவள் மகளுக்கு நிச்சயம் நடந்த அன்று, பாயில் உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஐம்பதைத் தொட்ட உடம்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தானியக் கடையில் உட்கார்ந்தே தொடையும் தோளும் வற்றி, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

"ஏப்பா, தாய்மாமன் பொண்ணத் தூக்குவாரா, இல்ல தாய்மாமனையே நாமதான் தூக்கணுமா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

வீடே சிரித்தது. தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாராவது தூக்கட்டுமே என்று ஒருவர் சொன்னபோது, நான் உயிரோடு இருந்தும் அவளை அண்ணன் இல்லாதவளாக்கிவிட்டேனே என்று நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"நான்தான் தூக்குவேன்! எவன் குறுக்க வாரான்னு பாக்கேன்" என்று கத்திவிட்டு வண்டியேறினேன்.

கத்துவது லேசு. மறுநாளே கடையின் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முழு மூட்டைக் கம்பை வீம்புக்குக் குனிந்து இழுத்தேன். இடுப்பில் சுளீர் என்றது. குப்புறக் கிடந்தவனை என் மனைவிதான் வந்து புரட்டினாள்.

"கலியாண வீட்டுல காரியம் பாக்க வச்சிராதீய" என்று எண்ணெய் தேய்த்தபடியே திட்டினாள். "எடுத்த எடுப்புல மூட்டையா? செத்த பொறுத்துக் கொஞ்சங்கொஞ்சமாத் தூக்குங்க."

வலி நின்ற பிறகு அவளே ஒரு சாக்கில் கொஞ்சம் கம்பு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். முதுகு வளையாமல் குந்தி, சாக்கை நெஞ்சோடு அணைத்து, தொடையின் பலத்தில் எழுவேன். மூச்சை அடக்க மாட்டேன். அலுப்பு தெரிந்தால் மறுநாள் ஓய்வு. சில நாளுக்கொரு முறை அவள் ஒரு படி கூட்டுவாள். அவசரப்பட்டு நானே அள்ளப் போனால் கையைத் தட்டிவிடுவாள். கம்பு வாங்க வந்தவர்கள் என் முக்கலைக் கேட்டு, "உள்ள யாருக்குப் பிரசவம்?" என்றார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை; கல்யாணம் நெருங்கியபோது சாக்கு பெண்ணின் கனத்துக்கு வந்திருந்தது.

கல்யாணத்தன்று ராஜபாளையத்தில் பந்தலே என்னைத்தான் பார்த்தது. தங்கை முகத்தில் ரத்தமே இல்லை. குந்தி, கடைசியாகத் தூக்கிய மூட்டையை நினைத்துக்கொண்டு எழுந்தேன். பெண் விசுக்கென்று மேலே வந்துவிட்டாள். பின்னால் சாயப் பார்த்துச் சமாளித்தேன்.

"மாமன்னா இவருல்லா மாமன்!" என்று சித்தப்பாவே கூவினார். பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பட்டுச் சேலைக்குள் எலும்பு என் கையில் குத்தியது.

"என்ன தாயி, இம்புட்டு மெலிஞ்சிட்ட?" என்று காதோடு கேட்டேன்.

"ஒங்களுக்கு இடுப்பு புடிச்சிட்டுன்னு அம்மா அழுதா மாமா. அதுலருந்து ஒரு வேளைதான் சாப்பிடுதேன்" என்றாள் பிள்ளை. "இப்பக் கனமா இல்லல்ல?"

குலவைச் சத்தத்துக்கு நடுவே, மணவறைவரை தலை நிமிராமல் நடந்தேன்.