அக்கா வரைந்த சந்து

அக்கா வரைபடக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத் தெருக்களை வரைவாள். அவை நிஜமாக இருக்கின்றனவா என்று தன்னார்வலர்கள் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும், தேவையானால் கோட்டைத் திருத்தவும் செய்யலாம். அவர்களில் ‘நடைராஜா’ என்ற புனைபெயரில் எழுதுவது நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நான் நடந்ததெல்லாம் கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில்தான்.

“அந்த ஆள் சொன்னா நான் மறுபடி பார்க்கவே மாட்டேன்,” என்பாள்.

பழைய மில்லுக்குப் பின்னால் அவள் வரைந்த சந்துக்கும் ‘வழி இருக்கிறது’ என்று எழுதிவிட்டேன். அங்கே பெரிய சுவர் நிற்பதைப் பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் போன் செய்தாள். “மில் சந்து வழியா வரேன்டா. அரை மணி நேரமா நடக்கிறேன், முடியவே இல்ல.”

“அக்கா, நடைராஜா நான்தான். அங்க வழியே கிடையாது. திரும்பி வந்துடு.”

போனில் அவள் செருப்புச் சத்தம் நின்றது. “கழுதை, உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். திரும்பிப் பார்த்தா பின்னாடி சுவர் இருக்குடா.”

வரைபடத்தைத் திறந்து, சந்தின் முனையிலிருந்து எங்கள் வாசல்வரை ஒரு கோடு போட்டுச் சேமித்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. செருப்பெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அக்கா உள்ளே வந்து என் காதைத் திருகினாள். வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே எப்போதும் இருக்கும் மதில்தான் இருந்தது. நான் போட்ட கோட்டை அழிக்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.