நீல வயரும் கடல் இரைச்சலும்

சென்ற வாரம் என் மனைவி ஓடுகிற காரிலிருந்து இறங்கிவிட்டார்.

பதறாதீர்கள். நான் கார் ஓட்டும் வேகம் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். சைக்கிளில் மீன் விற்பவர்கள் பெல் அடித்துக்கொண்டு என்னை முந்திப் போவார்கள். காரைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் "நிப்பாட்டுங்க" என்றார். கார் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கல்முனைப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

சண்டையா? இல்லை. நான் ஏதும் சொன்னேனா? அதுவும் இல்லை – மனைவி நசீமாவிடம் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட வயது எனக்கு. குற்றவாளி, அன்று காலைதான் காரில் பூட்டிய புது ரேடியோ செட்.

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு ஜப்பான் பழைய கார்கள் வரிசையாக நம் ஊர்களுக்குள் வந்தன அல்லவா? அதில் ஒன்று எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. நல்ல கார். ஆனால் அதற்குள் ஒரு ஜப்பான்காரி இருந்தாள். சாவியைத் திருப்பினால் போதும், ரேடியோவுக்குள்ளிருந்து குழைந்த குரலில் ஏதோ சொல்வாள்.

"என்ன செல்றாள்?" என்று மனைவி கேட்பார்.

"பெல்ட் போடச் செல்றாளாக்கும்."

"அதுக்கு இவ்வளவு நெளிவா?"

அந்த ரேடியோவின் எண்களும் தொண்ணூறோடு முடிந்துவிடும். நம் தமிழ் ஸ்டேஷன்களெல்லாம் அதற்கு மேலே. கடைசி விளிம்பில் ஒரு சிங்கள ஸ்டேஷன் மட்டும் துலக்கமாகக் கேட்கும்.

இதற்கிடையில் எங்கள் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. மகன் பொத்துவிலில் கலியாணம் முடித்தவன். நம் வழக்கப்படி பெண் வீட்டில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை பெயர் வைக்கிறார்கள். வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா போகாமல் இருக்கலாமா? ஆனால் பொத்துவிலுக்குப் போகிற ரோட்டில் கோமாரி வருகிறது. கோமாரியில் கடல் வருகிறது.

சுனாமியில் மனைவி தன் தங்கையைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடல் தெரிகிற ரோட்டால் அவர் போனதில்லை. மகனின் கலியாணத்துக்கே அம்பாறைப் பக்கத்தால் சுற்றித்தான் போனோம். இப்போது இடுப்பு வலி, அந்தச் சுற்று முடியாது. கடைசியில் அவரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"தமிழ் ரேடியோ ஓடிட்டே இரிந்தா வாறன். கடல்ல என்னவும் எண்டா செல்லுவாங்கதானே."

சுனாமி அன்றைக்கும் ரேடியோ பாட்டுத்தானே போட்டுக்கொண்டிருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

அப்படித்தான் கல்முனையில், கார் ரேடியோ பூட்டுகிற றபீக்கின் கடைக்குப் போனேன். என்னைக் காக்கா என்பான்; அண்ணன் என்ற மரியாதை. புது செட்டின் பெட்டிக்குள் இரண்டு சாமான்கள் கூடுதலாகக் கிடந்தன. ஒன்று, கூரையில் நடுகிற நீள ஆண்டெனா. மற்றது, போனில் கதைப்பதற்கு டிரைவரின் வாயடியில் மாட்டுகிற மைக், வயரோடு.

இரண்டையும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

செக்பொயிண்ட் காலத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு வயர் தொங்கினால் போதும். "மே மொகத்த?" – இது என்ன? அதற்குப் பதில் சொல்ல என்னிடம் சிங்களமும் இல்லை, எச்சிலும் இல்லை. பழைய வேனில் ஆண்டெனாவையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓடித் திரிந்தவன் நான். வாய்க்கு நேரே மைக்கா?

நல்லவேளை, ஜப்பான்காரர்கள் என்னைப் போன்றவர்களை நினைத்திருக்கிறார்கள். இந்தக் காரின் ஆண்டெனா பின் கண்ணாடிக்குள்ளேயே மெல்லிய கோடாக ஓடுகிறது. மைக், கூரை லைட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. யார் கண்ணிலும் படாது.

"தம்பி, புதுசு ரெண்டும் வேணாம். காரோட வந்ததயே பூட்டுங்க. ஒரு வயரும் தொங்கப்படா. மிச்சத்த எல்லாம் வெட்டி டேப் சுத்துங்க."

"அது என்ட பழைய பழக்கம் காக்கா," என்றான் றபீக். "சண்டக் காலத்துல வேல பழகினவன் நான். சும்மா கிடக்கிற வயர உடமாட்டன்."

வெட்டினான். சுற்றினான். கடை வாசலில் ரேடியோ சுமாராகப் பாடியது. மனைவியை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டேன். சாய்ந்தமருது தாண்டியதும் பாட்டுத் தேய்ந்தது... பிறகு வெறும் இரைச்சல். நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தைக் கூட்டினேன்! நாலு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் 'ஸ்ஸ்ஸ்' என்று கார் நிறைந்தது.

"நிப்பாட்டுங்க."

இறங்கிப் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் ரோட்டோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு மொதல்ல இந்தச் சத்தந்தான் கேட்ட. லொறி ஒண்டு வருதாக்கும் எண்டு நாங்க சும்மா இரிந்த." திரும்பவும் கல்முனைப் பக்கம் பார்த்தார். "பேர் வைக்கிறதுக்கு நீங்க போங்க. எனக்கு ஏலா."

கதை சொல்லிக் கலியாண மண்டபம் நிறையச் சிரிக்க வைக்கத் தெரிந்தவன் நான். அந்த ரோட்டோரத்தில் ஒருத்தியைச் சிரிக்க வைக்க ஒன்றும் கைவசம் இல்லை. "கடையடிக்கு மட்டும் ஏறு. ரேடியோவ நிப்பாட்டிட்டன்" என்று கெஞ்சி ஏற்றினேன்.

றபீக் தலையைச் சொறிந்தான். "ஆண்டெனா செத்துப் பெய்த்து காக்கா. கூரையில ஒரு ஓட்டயப் போட்டு, நீளமா ஒண்ட நட்டுருவம்."

"கூரையிலயா? நீளமாவா? ஆர்மிக்கு நீயே தகவல் குடுக்கப் போறியா?"

"காக்கா, சண்ட முடிஞ்சி."

"அது எனக்குத் தெரியும். என்ட வவுத்துக்குத் தெரியாதே!"

பின் சீட்டிலிருந்து நசீமாவின் குரல் வந்தது.

"தம்பி, ஜப்பான்காரி இரிக்கக்குள்ள அந்தச் சிங்கள ஸ்டேஷன் துலக்கமாக் கேட்டதே. நேத்து உசிரோட இரிந்த ஆண்டெனா இண்டைக்கு எப்பிடி மௌத்தான?"

றபீக் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தான்.

"என்னத்தயாவது வெட்டினயளா?"

றபீக் என்னைப் பார்த்தான். நான் கடையின் நிலத்தைப் பார்த்தேன்.

"ஒரு நீல வயர்..." என்று இழுத்தான். "காக்காதான் வெட்டச் சென்ன!"

"நீதானே பழக்கம் எண்டு சென்ன!"

விஷயம் இதுதான். கண்ணாடிக்குள் இருக்கிற ஆண்டெனா சின்னது. அது பிடிக்கிற சத்தத்தைப் பெரிதாக்க, பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் போகிற வழிதான் நாங்கள் வெட்டிய நீல வயர். காரின் காது நன்றாகத்தான் இருந்தது. பயந்த இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து அதைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

வயரை இணைத்ததும் பாட்டு வந்தது, தண்ணீர் போலத் தெளிவாக.

மைக்குக்கும் ஒரு கூத்து நடந்தது. றபீக் புது மைக்கின் பிளக்கை வெட்டியெடுத்து, அதில் பழைய மைக்கின் வயரை ஒட்டினான். மகனுக்குப் போன் எடுத்துப் பார்த்தோம். "வாப்பா, கிணத்துக்குள்ள விழுந்து போனயளா?" என்றான். இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டிய பிறகுதான் நான் கிணற்றிலிருந்து வெளியே வந்தேன்.

சண்டை முடிந்த செய்தி நம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. ஆனால் கை, கால், வயிறு... இவற்றுக்கு அது தனித்தனியாகத்தான் போய்ச் சேருகிறது போலும். செக்பொயிண்ட் இருந்த இடத்தில் இன்று ஒருவன் வெள்ளரிப்பழம் விற்கிறான். என் கால் இன்னும் அங்கே பிரேக்கைத் தேடுகிறது. எனக்கு வயர். நசீமாவுக்கு இரைச்சல். ஒருவர் பயத்தைப் பார்த்து மற்றவர் சிரிக்கலாம். ஆனால் ஒரே காரில்தானே போயாக வேண்டும்?

வெள்ளிக்கிழமை போனோம். திருக்கோவில் தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. கோமாரியில் இடது பக்கம் கடல் திறந்தது. மனைவியின் கை கதவுப் பிடியை இறுக்கியது. நான் ரேடியோவையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன் – அல்லாஹ்வே, இப்போது மட்டும் இரைந்துவிடாதே.

அந்த நேரம் பார்த்து மகனின் போன். அவன் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"எங்க உம்மா வாறிய?"

"கடலடியால வாறம் மகன்."

"கடலடியாலயா?"

"ஓம். பயமில்ல. ரேடியோவுல பாட்டுப் போகுது."

பிறகு பிள்ளையைப் போனடியில் பிடித்தான். அது வீறிட்டு அழுதது. இவர் கூரை லைட்டைப் பார்த்து அதோடு கொஞ்சிக்கொண்டே வந்தார். பிடியிலிருந்து கை எப்போது எடுபட்டது என்று தெரியாது. கோமாரிக் கடல் முழுக்க அப்படியே கடந்து போனது.

இந்த செட்டில் ஒரு வழக்கம் உண்டு. போன் வந்தால், அது முடியும்வரை ரேடியோ தானாக நின்றுவிடும்.

நசீமாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.