என் பிள்ளையைக் கேட்க நீ யார்?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்குப் பத்து வீடு, ஒரே குழாய். என் வீட்டுக்காரர் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். கிள்ளான், ரவாங் என்று போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். ஒற்றை ஆளாக மகனை வளர்த்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். அந்த வரிசையே அவனை வளர்த்தது. எந்த வீட்டில் சோறு வெந்ததோ அங்கே தின்பான். யார் கண்ணில் அவன் சேட்டை பட்டதோ அவள் கையால் வாங்குவான்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்கு உறவில்லை. ஊரிலிருந்து இந்தச் சீமைக்கு ஒரே கப்பலில் வந்தோம், அவ்வளவுதான். ஆனால் மருத்துவச்சி வருவதற்குள் என் மகன் பிறந்துவிட்டான். அவனை முதலில் கையில் வாங்கியவள் அக்காதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன், தண்டவாளம் சோதிக்கும் துரைக்கு டிராலி தள்ளுபவர். துரை குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க, பின்னால் ஓடி ஓடித் தள்ளி, வேகம் பிடித்ததும் தொற்றிக்கொள்ள வேண்டும்.

மகனுக்குப் பத்து வயதானபோது கூட்டாளிகளோடு சேர்ந்து கல்லெறிய ஆரம்பித்தான். முதலில் நாய், பிறகு ரிக்‌ஷா. ஒருநாள் காய்கறி விற்கும் சீனக் கிழவரின் முதுகில் எறிந்துவிட்டான். மனிதர் கூடையோடு குப்புற விழுந்தார். அக்கா ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, என் மகனை ஓங்கி ஓர் அறை விட்டாள்.

எனக்குக் கிழவர் கண்ணில் படவில்லை. விரல் பதிந்த கன்னம்தான் தெரிந்தது. குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நிற்கும் நேரம் பார்த்துக் கொண்டையை முடிந்துகொண்டு போனேன்.

"என் பிள்ளைய கேக்க நீ யாரு? பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மலடிக்கு என்ன தெரியும் பிள்ள வளக்க? இனிமே எவளாவது அவன் மேல கை வெச்சா நடக்கறதே வேற!"

அந்த ஒரு சொல்லுக்காகவே என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரிம்மா, இனி கேக்கல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. என் வாய்க்குப் பயந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. மகன் தெருவில் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். ஒருநாள் அதைப் பார்த்தபோது, எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. உதறிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தேன்.

அவன் சட்டைப் பையில் தட்டையான ஆணி ஒன்று கிடந்தது. தண்டவாளத்தில் வைத்து ரயிலை ஏறவிட்டானாம். என்ன வழவழப்பு என்று நானே தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆணிக்குப் பதில் நசுங்கிய போல்ட் வந்தது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்து அழகு பார்த்தோம், தாயும் பிள்ளையும்.

பிறகு உள்ளங்கை அகல இரும்புத் துண்டு ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மத்தியான ரயிலுக்காகப் புல்லுக்குள் காத்திருந்தான். மழை வந்ததால், சாயங்காலம் திரும்ப வேண்டிய டிராலி ரயிலுக்கு முன்னாலேயே வந்து, அந்த இரும்பில் ஏறிக் கவிழ்ந்தது. துரை புல்லில் விழுந்து சிராய்ப்போடு எழுந்தார். அக்காவின் புருஷன் கால் சக்கரத்துக்கு அடியில் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மகன் ஓடிவந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் குழாயடிக்கு ஓடி, தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "பட்டப்பகல்ல இரும்ப தூக்கிட்டுப் போயிருக்கான். இத்தன பேர் இருந்தும் ஒருத்தர் கண்ணுலயும் படலியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா, சேலையில் ரத்தக் கறையோடு அங்கேயே நின்றாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "வாசல்ல நின்னுட்டு இருந்தேன், என்னத் தாண்டித்தான் போனான். டேய்னு கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சு. நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. உள்ள போயிட்டேன். அவரு சாயங்காலந்தான் வருவாருன்னு இருந்தேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை மகனை இழுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நிறுத்தினேன். "அடிங்கக்கா. உங்க கையால அடிங்க. கொன்னாலும் கேக்க மாட்டேன்."

அவனும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அடி விழுந்தால் போதும், பழையபடி அந்த வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. பிறந்ததிலிருந்து 'டேய்' தவிர வேறெதுவும் சொல்லி அவனைக் கூப்பிட்டிராத அக்கா, அவனைப் பார்த்தாள்.

"அம்மாகூட வீட்டுக்குப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.